ஒத்துக்காரரின் மூச்சு: டிஜெரிடூவும் சங்கும் மருந்தான வரலாறு

டிஜெரிடூ வாசித்தால் குறட்டை குறையும், பகல் தூக்கம் விலகும், மூச்சு வலுப்பெறும் என்னும் கூற்று கடந்த இருபது ஆண்டுகளாக மருத்துவ இதழ்களிலும் நலவாழ்வு வகுப்புகளின் விளம்பரங்களிலும் ஒருசேர இடம்பெற்று வருகிறது. இக்கூற்றில் உண்மை உண்டு. அதற்கு ஓர் அளவும் உண்டு. அந்த அளவை மருத்துவம் சொல்லிவிடும். ஒரு சமூகத்தின் சடங்கிலும் உழைப்பிலும் தங்கியிருந்த மூச்சு எப்போது, எவ்வாறு சிகிச்சையாக மாறுகிறது, அம்மாற்றத்தில் எது எடுத்துக்கொள்ளப்படுகிறது, எது விடப்படுகிறது, இறுதியில் யாருடைய பெயர் நிற்கிறது என்பவை வரலாறு கேட்க வேண்டிய கேள்விகள். புனே நகரின் வடமேற்கில் உள்ள தாபோடியிலிருந்து அவற்றைத் தொடங்கலாம்.

தாபோடித் தோட்டம்

பவனை ஆறு முளா ஆற்றோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ள தாபோடி, இன்று ராணுவப் பொறியியல் கல்லூரியால் அறியப்படும் ஊர். புனேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் ரயில் நிற்கும் நிலையங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஆவணங்கள் இதனைத் தாபுரி என்று குறிக்கின்றன. 1828 இல் பம்பாய் ஆளுநர் சர் ஜான் மால்கம் இங்கிருந்த கேப்டன் ஃபோர்டின் மாளிகையை அரசுக்காக வாங்கினார். அதையொட்டி ஒரு தாவரவியல் தோட்டமும் உருவாயிற்று. 1838 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் அலெக்சாண்டர் கிப்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். அலங்காரச் செடிகளைவிட மருந்துச் செடிகளே அத்தோட்டத்தின் இருப்பை அரசுக்கு நியாயப்படுத்தின. குரோசாணி ஓமம் முதலியவற்றிலிருந்து எடுத்த மருந்துச் சாறுகள் பம்பாய் அரசின் மருந்துக் கிடங்குக்கு அனுப்பப்பட்டன. 1865 இல் தோட்டம் மூடப்பட்டது.

தோட்டம் அழிந்தாலும் அதன் நினைவு எடின்பரோ அரசு தாவரவியல் பூங்காவில் எஞ்சியிருக்கிறது. 1840களின் இறுதியில் கிப்சனுக்காக வரையப்பட்ட ஏறத்தாழ 170 செடி ஓவியங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. ஹென்றி நால்ட்டி அவற்றை ஆராய்ந்து 2002 இல் நூலாக்கினார். ஓவியங்களுக்கு ஊரின் பெயர் இருக்கிறது. வரைவித்தவரின் பெயர் இருக்கிறது. வரைந்தவர் போர்ச்சுகீசிய-இந்திய வழியினர் என்பதற்கு மேல் அவருடைய பெயர் ஆவணத்தில் இல்லை.

குரோசாணி ஓமத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்ததே ஊமத்தை. அதனைப் புகைத்து இரைப்பு நோயைத் தணிக்கும் வழக்கமும் இந்தியாவிலிருந்தே பிரிட்டனுக்குச் சென்றது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் பரிந்துரைத்த அம்முறையை, ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802 இல் எடின்பரோவின் மருத்துவர் சிம்ஸிடம் கொண்டு சேர்த்தார் என்று மருந்தியல் வரலாறு பதிவு செய்கிறது. ஆண்டர்சன், ஜென்ட், சிம்ஸ் என மூன்று பெயர்கள் நிற்கின்றன. ஆண்டர்சன் யாரைப் பார்த்து அதனைக் கற்றார் என்ற வரி அந்தப் பதிவில் இல்லை. பயன் பயணம் செய்யும்போது பயிற்சியை வைத்திருந்தவரின் பெயர் உதிர்ந்துவிடும் இந்தப் பாங்கு, இருபத்தோராம் நூற்றாண்டின் டிஜெரிடூ வரை தொடர்கிறது.

யிடாக்கியும் அக்ரிலிக் குழாயும்

டிஜெரிடூ என்ற சொல்லே அதன் உரிமையாளர்கள் இட்டதன்று. கருவியின் ஒலியைக் கேட்ட வெளியார் அதைப் போலப் பேச முயன்று உருவாக்கிய ஒலிக்குறிப்புச் சொல் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கில அச்சில் தோன்றியது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலப்பகுதியில் வாழும் யோல்ங்கு மக்களிடையே இதற்கு யிடாக்கி என்று பெயர். கறையான் உள்ளே அரித்துக் குழாயாக்கிய யூகலிப்டஸ் மரத்தண்டே கருவி. அதற்குத் துளைகள் இல்லை; சுரவரிசை இல்லை. ஒரே அடிநாதத்தை உதட்டின் அதிர்வு, நாவின் அசைவு, தொண்டைக் குரல் ஆகியவற்றால் பல நிறங்களாக மாற்றுவதே அதன் கலை. பாடகரின் குரலுக்கும் பில்மா என்னும் தாளக்கட்டைகளுக்கும் துணையாக, சடங்குகளில் அது ஒலிக்கிறது. எந்தப் பாட்டுக்கு யார் வாசிக்கலாம் என்பதில் குல உரிமையும் முறையும் உண்டு.

இக்கருவியின் உயிர்நாடி சுழல்மூச்சு. கன்னங்களில் தேக்கிய காற்றை வாய்வழி வெளித்தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கின் வழியே புதுக்காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். நாதம் ஒரு கணமும் அறுபடாது. இதற்கு நாக்கு, மெல்லண்ணம், தொண்டைச் சுவர், கன்னம் ஆகியவற்றின் தசைகள் தனித்தனியாகவும் இணைந்தும் இயங்கக் கற்றாக வேண்டும்.

உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது. உறங்கும்போது மேல்மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்க வேண்டிய தசைகள் தளர்ந்து, பாதை குறுகி அல்லது மூடி, காற்று நின்றுபோவதே அந்நோய். மூளை விழித்துப் பாதையைத் திறக்கும். உறங்குபவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. இரவில் பலமுறை இவ்வாறு நிகழ்வதால் பகலில் தாளாத தூக்கம் வரும். குறட்டை அதன் வெளிப்படையான அடையாளம். 1981 இல் சிட்னியில் காலின் சல்லிவனும் உடன்பணியாளர்களும் மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் செலுத்திப் பாதையைத் திறந்து வைக்கும் முறையை ஐந்து நோயாளிகளிடம் செய்து காட்டினர். சிபாப் என்று இன்று அறியப்படும் அக்கருவி இந்நோயின் முதன்மைச் சிகிச்சையாக நிலைபெற்றது. அது நன்கு வேலை செய்கிறது. ஆயினும் இரவெல்லாம் முகமூடியோடு உறங்குவது பலருக்கு இயலுவதில்லை. மாற்றுவழிகளைத் தேடியதற்கு அதுவே காரணம்.

ஒரு டிஜெரிடூ ஆசிரியரின் அனுபவத்திலிருந்து சூரிச் ஆய்வு தொடங்கிற்று. அலெக்ஸ் சுவாரெஸ் என்னும் அவ்வாசிரியர், தமக்கும் தம் மாணவர் சிலருக்கும் பயிற்சிக்குப் பின் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்ததைக் கவனித்தார். மைலோ புஹான் முதலியோர் அதனைச் சோதனைக்கு உட்படுத்தினர். மிதமான மூச்சுத்தடையும் குறட்டையும் உள்ள 25 பேரில், குலுக்கல் முறையில் 14 பேருக்கு உடனே பயிற்சி தரப்பட்டது. 11 பேர் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டனர். முதல் பாடத்தில் அடிநாதத்தை 20 முதல் 30 விநாடி வரை நிறுத்தக் கற்றனர். இரண்டாம் பாடத்தில் சுழல்மூச்சு. வாரத்தில் ஐந்து நாளேனும், நாளுக்கு 20 நிமிடமேனும் வீட்டில் பயில வேண்டும் என்பது விதி. நான்கு மாத முடிவில், பயின்றோருக்குப் பகல் தூக்க அளவுகோலில் 3 புள்ளிகளும், மணிக்கு மூச்சு தடைபடும் எண்ணிக்கையில் 6.2 முறையும் மற்றக் குழுவைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. அவர்களோடு ஒரே அறையில் உறங்குவோரின் இரவுத் தொல்லையும் தணிந்தது. 2006 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அச்சேறிய இக்கட்டுரைக்கு, முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2017 இல் கிடைத்தது. பரிசுப் பிரிவு, அமைதி.

அந்த ஆய்வின் எல்லைகளும் கட்டுரையிலேயே தெளிவாக உள்ளன. எண்ணிக்கை சிறியது. ஒப்பீட்டுக் குழு எதையும் ஊதவில்லை, காத்திருந்தது மட்டுமே. உறக்கத்தின் தரத்தை அளந்த வினாத்தாளில் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோய் குறைந்தது, நீங்கவில்லை. ஆகவே, சிபாப் பரிந்துரைக்கப்பட்டவர் அதைக் கைவிட்டு டிஜெரிடூ வாங்கலாம் என்பதற்கு இந்த ஆய்வு சான்றாகாது. மிதமான நோயுள்ளவர் துணைப்பயிற்சியாக மேற்கொள்ளலாம் என்னும் அளவிலேயே அதன் பொருள் நிற்கிறது.

வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அக்கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்கிறது. நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டவை மரக்கருவிகள் அல்ல. ஏறத்தாழ 130 செ.மீ. நீளமுள்ள, ஒரே தரத்தில் செய்யப்பட்ட அக்ரிலிக் குழாய்கள். சோதனைக்கு அது தேவையே: ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு வகைக் கருவி இருந்தால் ஒப்பிட இயலாது. ஆயினும் மரம் போயிற்று, பாட்டு போயிற்று, யார் ஊதலாம் என்ற முறை போயிற்று, ஊதுவதற்கான காரணமும் போயிற்று. தசைப்பயிற்சி மட்டும் தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டது. தாபோடித் தோட்டத்தில் செடியிலிருந்து சாற்றைப் பிரித்தது போன்ற செயலே இது. பிரித்தெடுத்தல் அறிவியலின் முறை. அதில் குற்றம் காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிரித்தெடுத்த பின் எஞ்சியதை யார் கணக்கில் வைப்பது என்பதே கேள்வி.

லோணாவளாவில் அளந்த மூச்சு

மூச்சுப் பயிற்சியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த முயற்சி சூரிச்சில் தொடங்கியதன்று. தாபோடியில் நிற்கும் புறநகர் ரயில் சென்றடையும் லோணாவளாவில், 1924 இல் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தை நிறுவினார். அவ்வாண்டே 'யோக மீமாம்சா' என்னும் காலாண்டிதழையும் தொடங்கினார். அதற்கு முன்பே பரோடா மருத்துவமனையில் எக்ஸ்-ரே கொண்டும் அழுத்தமானி கொண்டும் உட்டியானம், நௌலி ஆகிய பயிற்சிகளின்போது உடலுக்குள் நிகழும் அழுத்த மாற்றங்களை அவர் அளந்திருந்தார். குடலுக்குள் பகுதி வெற்றிடம் உருவாவதைக் கண்டு, அதற்குத் தம் ஆசிரியர் மாதவதாசரின் பெயரையே சூட்டினார். கற்பித்தவரின் பெயரைக் கண்டுபிடிப்பின் மீது எழுதிய அச்செயல், இக்கட்டுரையில் பேசப்படும் வரலாற்றில் அரிதான விலக்கு.

பிராணாயாமத்தின் சிறப்பு மிகுதியான ஆக்ஸிஜனை உள்ளிழுப்பதில் இருக்கிறது என்னும் பரவலான நம்பிக்கையை குவலயானந்தர் ஏற்கவில்லை. அதன் பயனை அழுத்த மாற்றங்களிலும் நரம்பு மண்டலத்தின் பயிற்சியிலுமே அவர் தேடினார். அவரிடம் பயின்ற திருவிதாங்கூர்க்காரரான கே. டி. பெஹனன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வுகளை 1937 இல் நூலாக வெளியிட்டார். மூச்சுப் பயிற்சியின்போது ஆக்ஸிஜன் நுகர்வு கூடுகிறது என்று கண்ட அவரே, பயிற்சி முடிந்த உடனே செய்த கணக்கு முதலிய மனத்திறன் சோதனைகளில் வேகம் குறைவதாகவும் எழுதினார். தாம் பயின்ற கலைக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்காமல் எழுதியது, இன்றைய நலவாழ்வு விளம்பரங்களுக்கு முன்னே வைத்துப் பார்க்கத் தக்கது. டிஜெரிடூ 'உடலெங்கும் பிராணவாயுவை நிரப்புகிறது' என்ற விளம்பர வாசகத்துக்கு, அழுத்தமும் தசையும் பார்க்க வேண்டிய இடங்கள் என்ற லோணாவளாவின் அணுகுமுறையே போதுமான மறுமொழி.

சங்கும் அதைக் குளித்தவரும்

இதே வரிசையில் அண்மையில் சேர்ந்திருப்பது சங்கு. ஜெய்ப்பூரின் எடர்னல் ஹார்ட் கேர் மையத்தைச் சேர்ந்த மருத்துவர் கிருஷ்ண கே. சர்மாவும் குழுவினரும் 2025 இல் ஐரோப்பிய மூச்சுநோய் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிதமான மூச்சுத்தடை உள்ள 30 பேரில் 16 பேர் சங்கு ஊதினர். 14 பேர் ஆழ்மூச்சுப் பயிற்சி செய்தனர். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடமேனும், ஆறு மாதம். சங்கு ஊதியோரின் பகல் தூக்கம் 34 விழுக்காடு குறைந்தது. மணிக்கு நான்கைந்து மூச்சுத்தடைகளும் குறைந்தன. சூரிச் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு சும்மா காத்திருந்தது. இங்கே அதுவும் ஒரு பயிற்சியைச் செய்தது என்பது முன்னேற்றம். எனினும் 30 பேர் என்பது சிறு எண்ணே.

தமிழ் வழக்கில் சங்குக்கு வேறொரு வாழ்க்கை உண்டு. குழந்தைக்குப் பால் புகட்டியதும் சங்கு. இறுதி ஊர்வலத்தில் சேகண்டியோடு ஒலிப்பதும் சங்கு. 'அவனுக்குச் சங்கு ஊதியாயிற்று' என்றால் கதை முடிந்தது என்று பொருள். சாவு வீட்டில் சங்கு ஊதியவர் கோயிலில் ஊதியவருக்கு நிகராக மதிக்கப்படவில்லை. மூச்சு ஒன்றேயாயினும் படி வேறாக இருந்தது. அந்தச் சங்கு கரைக்கு வந்ததும் இன்னொருவரின் மூச்சால்தான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி, கீழக்கரைப் பகுதிகளின் பரதவரும் முஸ்லிம்களும் மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்று சங்கெடுத்தனர். தமிழ் அதனைச் 'சங்கு குளித்தல்' என்று அழைத்தது. சென்னை மாகாண அரசின் கீழ் முத்து, சங்குக் குளிப்புகளைக் கண்காணித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914 இல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். எடுத்த சங்குகளில் பெரும்பகுதி வளையல் அறுக்க வங்காளத்துக்குச் சென்றது. வருவாய்க் கணக்கில் சங்கின் எண்ணிக்கை துல்லியமாக இருந்தது. ஒரு நாளில் எத்தனை முறை ஒருவர் மூழ்கினார், அவருடைய நுரையீரலும் செவியும் என்னவாயின என்பது வருவாய்த் துறையின் கணக்கில் வர வேண்டிய செய்தியாகக் கருதப்படவில்லை.

ஒத்துக்காரர்

டிஜெரிடூவுக்கு மிக நெருங்கிய தமிழ் உறவு சங்கன்று; ஒத்து. நாகசுரக் குழுவில் சுருதிக்காக ஊதப்படும் குழல் அது. தோற்றத்தில் நாகசுரம் போன்றதே. ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. அடிப்பகுதியில் உள்ள சிறு துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வர். சீவாளியின் வழியே ஒரே சுரத்தை இடைவிடாது ஒலிக்கச் செய்வதே ஒத்துக்காரரின் வேலை. நாகசுரக்காரர் மூச்செடுக்க நிறுத்தலாம், தவில் ஓயலாம், ஒத்து நிற்கக் கூடாது. மணிக்கணக்கில் நீளும் சுவாமி புறப்பாட்டில், கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் இழுத்து, நடந்துகொண்டே அந்த நாதத்தை அவர் காத்தார். சூரிச்சில் நாளுக்கு 20 நிமிடம் என்று விதித்த அதே சுழல்மூச்சு, காவிரிப் படுகையில் ஓர் இரவின் வேலையாக இருந்தது.

அவ்வேலைக்குத் தமிழ் கொடுத்த மதிப்பு என்ன? 'ஒத்து ஊதுகிறான்' என்பது இன்று வசைச்சொல். சொந்தக் கருத்தின்றிப் பிறர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுபவரை அது குறிக்கிறது. சுருதி விலகினால் நாகசுரமே விலகிவிடும் என்பதை அறிந்த இசைமரபு, சுருதியைத் தாங்கியவரின் பெயரால் ஓர் இகழ்ச்சியை உருவாக்கிய மொழிக்குள்தான் வாழ்ந்தது. குழுவின் தொடக்க மாணவருக்கோ இளைய உறவினருக்கோ தரப்படும் பணியாகவும் ஒத்து இருந்தது. மூச்சை ஆளக் கற்பதற்கு அதைவிடக் கடுமையான பள்ளி இல்லை என்பது உண்மையாயினும், கச்சேரி அறிவிப்பில் ஒத்துக்காரரின் பெயர் இடம்பெறுவது அரிது. பின்னர் சுருதிப்பெட்டி வந்தது. அதன் பின் மின்சுருதி. இன்று ஒத்து அரிதாகிவிட்டது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் கைவினைக்கு உரிய ஏற்பு வந்து சேர்ந்தது. அக்குழலில் செல்லும் மூச்சுக்கு அத்தகைய பதிவு எதுவும் இல்லை.

இங்கே ஒரு சமூகச் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாகசுரம் இசை வேளாளரின் கலையாக அறியப்படுகிறது. ஆனால் தமிழகத்தின் எண்ணற்ற ஊர்களில் மங்கல இசையை வழங்கியவர்கள் 'மருத்துவர்' என்று அழைக்கப்பட்ட சமூகத்தாரும் ஆவர். முடிதிருத்துதல், நாட்டு வைத்தியம், பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தல், நாகசுரமும் தவிலும் வாசித்தல் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தின் தொழில்களாக இருந்தன. மருத்துவக் கல்லூரிகளும் பட்டங்களும் வந்த பிறகு, மருத்துவம் ஒரு தொழிலாக உயர்ந்து அவர்களிடமிருந்து பிரிந்தது. சாதிப்பெயராக மட்டும் அச்சொல் அவர்களிடம் தங்கியது. மூச்சுக்கருவியும் மருத்துவமும் ஒரே வீட்டில் இருந்த காலம் ஒன்று தமிழகத்தில் இருந்திருக்கிறது. அந்த வீட்டைச் சமூகம் எந்தத் தெருவில் வைத்திருந்தது என்பதும் தெரிந்ததே.

அறிவியல் பக்கம் இதற்குத் தொடர்பான ஒரு முடிவு உண்டு. காற்றுக் கருவி வாசிக்கும் மேலை இசைக்குழுக் கலைஞர்களிடம் 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, மற்றக் கலைஞர்களைவிட அவர்களுக்கு மூச்சுத்தடை நோயின் வாய்ப்பு குறைவு என்று காட்டவில்லை. ஆனால் 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வு, கருவிகளைப் பிரித்துப் பார்த்தபோது, இரட்டை நாக்குச் சீவாளி கொண்ட ஓபோ, பசூன் போன்றவற்றை வாசிப்போருக்கு அந்த வாய்ப்பு குறைவாக இருப்பதாகக் கண்டது. நாகசுரமும் ஒத்தும் ஷெனாயும் இரட்டை நாக்குக் கருவிகளே. அந்த ஆய்வின் கேள்வியைக் கேட்க மிகவும் பொருத்தமான கலைஞர்கள் திருவாரூரிலும் கும்பகோணத்திலும் காசியிலும் இருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. எதிர்ப்பழுத்தம் மிகுந்த காற்றுக் கருவிகளை ஊதும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்வது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. 2016 இல் ஒரு பிரிட்டிஷ் இதழ், தம் தோற்பைக் குழலுக்குள் வளர்ந்த பூஞ்சையால் நுரையீரல் அழற்சி உண்டாகி ஒரு கலைஞர் இறந்ததைப் பதிவு செய்தது. நோயாளி நாளுக்கு 20 நிமிடம் ஊதுவது வேறு. வயிற்றுப்பாட்டுக்காக இரவெல்லாம் ஊதுவது வேறு. முன்னதை நலம் என்று எழுதும் மருத்துவம், பின்னதைத் தொழில்நலம் என்ற தலைப்பிலேனும் எழுத வேண்டும்.

நலம் என்பது யாருடையது

டிஜெரிடூவின் மருத்துவ வரலாற்றில் வேறொரு வழியும் உண்டு என்பதைக் காட்டியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. பூர்வகுடி மக்களிடையே ஆஸ்துமா மிகுந்திருப்பதையும் சிகிச்சையைத் தொடர்வதில் அவர்களுக்குள்ள இடர்ப்பாடுகளையும் கண்ட ராபர்ட் எலியும் டான் கோர்மனும், ஆறு மாத இசைத்திட்டம் ஒன்றை நடத்தி 2010 இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்பிள்ளைகள் டிஜெரிடூ பயின்றனர், பெண்கள் பாடினர். இப்பிரிவு ஆய்வாளரின் வசதிக்காக வகுக்கப்பட்டதன்று. அம்மக்களின் மரபுமுறைக்கு இணங்கி வகுக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளின் மூச்சுத்திறன் அளவுகள் மேம்பட்டன. அதனோடு, தங்கள் மரபை அறியும் வாய்ப்பாகவும் மருத்துவத்தோடு நம்பிக்கையான உறவாகவும் அவ்வகுப்புகள் அமைந்தன.

சூரிச்சின் சோதனையும் குயின்ஸ்லாந்தின் திட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முதலாவது, ஊதுவதால் தொண்டையில் என்ன நிகழ்கிறது என்பதைத் தெளிவாக்கிற்று. இரண்டாவது, அந்த ஊதலை வைத்திருந்தவர்களுக்கே அது திரும்பும்போது நலம் என்னும் சொல்லின் பொருள் விரிகிறது என்பதைக் காட்டிற்று. முதலாவதில் கருவி அக்ரிலிக் குழாயாக மாறிய பின்னும் பயன் இருந்தது. இரண்டாவதில் கருவி யாருடையது என்பதே பயனின் ஒரு பகுதியாக இருந்தது.

தமிழகத்தில் முதலாவது வகை ஆய்வு எளிதில் வந்துவிடும். ஜெய்ப்பூரில் சங்குக்கு நிகழ்ந்தது நாளை நாகசுரத்துக்கும் நிகழக்கூடும். ஒரு மருத்துவமனையும் முப்பது நோயாளிகளும் ஒரே தரத்தில் செய்த பிளாஸ்டிக் குழலும் போதும். அதற்கு முன்னர் செய்யப்பட வேண்டிய பணி ஆய்வு மாணவர்களின் கையில் இருக்கிறது. ஒத்துப் பிடித்துப் பழகிய முதியவர்கள் இன்னும் கோயில் ஊர்களில் இருக்கிறார்கள். எந்த வயதில் சுழல்மூச்சைக் கற்றார்கள், யார் கற்பித்தார், குடுவை நீரில் குழல் வைத்துப் பழகினார்களா அல்லது நேரே சீவாளியிலா, ஓர் இரவுக்கு எவ்வளவு கூலி, கன்னமும் பல்லும் செவியும் கண்ணும் முதுமையில் எப்படி இருக்கின்றன, எவ்வாறு உறங்குகிறார்கள் என்பவை இசையியலுக்கும் மருத்துவத்துக்கும் சமூக வரலாற்றுக்கும் ஒருங்கே உரிய கேள்விகள். ஒவ்வொரு நேர்காணலின் தலைப்பிலும் விடையளித்தவரின் பெயர் அவருடைய ஒப்புதலோடு எழுதப்பட வேண்டும்.

தாபோடியில் செடிகளை வரைந்தவரிடம் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள அதிக நேரம் தேவைப்பட்டிருக்காது. அவர் தோட்டத்தில் இருந்த ஆண்டுகளில் அது எவருக்கும் தோன்றவில்லை. ஒத்துக்காரர்கள் இப்போது இருக்கிறார்கள்.